கடலூர், சிதம்பரத்தில் ‘கார்பன் நியூட்ரல்’ வீடு: நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குள் வருமா?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறீர்கள். சிதம்பரம் பக்கத்தில் அப்பா வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. பேஸ்மென்ட் முடிந்தது, லிண்டல் போட்டாச்சு, அடுத்த வாரம் சென்ட்ரிங். நடுவில் ஒரு ஃபோன்: “மேஸ்திரி ஏசிக்குப் பாயின்ட் எங்க வைக்கிறதுன்னு கேக்கிறார், சொல்லு.”

அந்த ஒரு கேள்விக்குள் நிறைய விஷயம் இருக்கிறது. வீடு முடிவதற்கு முன்பே ‘இது சுடும், ஏசி இல்லாமல் முடியாது’ என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டோம். இன்னொரு பக்கம், ரியல் எஸ்டேட் விளம்பரங்களில் ‘பசுமை வீடு’, ‘கார்பன் நியூட்ரல் வில்லா’ என்ற சொற்கள் சாதாரணமாகிவிட்டன. உண்மையில் அப்படி ஒரு வீட்டை, வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிற ஒரு குடும்பம் கடலூர் மாவட்டத்தில் கட்ட முடியுமா? எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யத் தேவையில்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

‘கார்பன் நியூட்ரல்’ வீடு என்றால் என்ன?

ஒரு வீடு இரண்டு வகையில் கார்பனை வெளியேற்றுகிறது. ஒன்று, குடியிருக்கும்போது ஆகும் அன்றாடச் செலவு: மின்சாரம், சமையல் கேஸ். இன்னொன்று, கட்டும்போதே ஆகிவிடும் செலவு: சிமென்ட், கம்பி, சூளைச் செங்கல், இவற்றை ஏற்றி வரும் லாரி டீசல்.

முதல் கணக்கு மாதா மாதம் வருகிற பில் மாதிரி. இரண்டாவது, கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வாங்கிவிட்ட கடன் மாதிரி. இரண்டையும் சேர்த்து, வீடு தன் ஆயுளில் வெளியேற்றும் அளவுக்குச் சமமாகச் சுத்தமான மின்சாரத்தைத் தயாரித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அது முழு அர்த்தத்தில் கார்பன் நியூட்ரல். பெரும்பாலான விளம்பரங்கள் முதல் கணக்கை மட்டும் காட்டும். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இருக்காது.

ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போடலாமா?

600 சதுர அடியில், இரண்டு படுக்கையறை உள்ள ஒரு தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், வருஷத்துக்கு 2,400 யூனிட் மின்சாரம். எட்டு கேஸ் சிலிண்டர்.

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படியானால் மின்சாரத்துக்கு மட்டும் வருஷத்துக்கு சுமார் 1,680 கிலோ. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 3 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் எட்டுக்குச் சுமார் 340 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 2 டன்.

இப்போது இரண்டே மாற்றம் செய்வோம்.

முதல் மாற்றம், ஃபேன். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் வரை இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். நான்கு ஃபேன் தினமும் பத்து மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 650 யூனிட் மிச்சம். தேவை 1,750 யூனிட்டாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது மாற்றம், மாடியில் 2 கிலோவாட் சோலார். நம் பகுதியில் ஒரு கிலோவாட், ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் வரை தரும். மழைநாள், தூசி எல்லாம் கழித்து வருஷத்துக்கு 2,800 யூனிட் என்று கொள்ளலாம். வீட்டுத் தேவை போக 1,050 யூனிட் உபரி. அது மின்தொகுப்புக்குப் போவதால் தவிர்க்கப்படும் கார்பன் சுமார் 735 கிலோ. கேஸுக்கான 340 கிலோவைக் கழித்தாலும் வருஷத்துக்கு சுமார் 400 கிலோ மீதி இருக்கிறது.

அதாவது, அன்றாடக் கணக்கில் இந்த வீடு கார்பன் நியூட்ரலைத் தாண்டிவிட்டது. விளம்பரம் இங்கேதான் முடியும். நாம் இரண்டாவது கணக்கையும் பார்ப்போம்.

சைட்டில் சொல்லும் தோராயக் கணக்கு, ஒரு சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கம்பி. 600 சதுர அடிக்கு 240 மூட்டை, அதாவது 12 டன் சிமென்ட். கம்பி இரண்டேகால் டன் அளவு. சாதாரண ஓபிசி சிமென்ட் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.85 கிலோ கார்பன் என்றால் 10 டன். இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் இரண்டரை டன் என்ற கணக்கில் கம்பிக்கு 5 முதல் 6 டன். செங்கல்லைச் சேர்க்காமலே 16 டன்னுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வருஷத்துக்கு 400 கிலோ வீதம் திருப்பிக் கட்டினால் 40 வருஷம் ஆகும். மின்தொகுப்பு வருங்காலத்தில் சுத்தமாக ஆக, நம் உபரி யூனிட்டின் ‘மதிப்பு’ம் குறையும் என்பதால் இன்னும் கூட இழுக்கலாம்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: சோலார் தட்டு மாட்டுவதற்கு முன்பே, அஸ்திவாரம் தோண்டும் நாளிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. 1,200 சதுர அடி தேவையில்லாத குடும்பம் 900 சதுர அடியில் நிறுத்திக்கொள்வதைவிட மலிவான பசுமைத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

சிமென்ட் மூட்டையை மாற்றினாலே குறையுமா?

குறையும், நிறையவே. சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கும். அதனால் ஒரு கிலோவுக்கான கார்பன் ஏறக்குறைய 0.6 கிலோவாக இறங்கும். நம் 12 டன் கணக்கில் 3 டன் குறைந்துவிட்டது. அந்த வீட்டின் ஏழு வருஷச் சோலார் உபரிக்குச் சமம் இது! விலையும் பொதுவாக ஓபிசியைவிட அதிகம் இல்லை.

“சென்ட்ரிங்குக்கு 53 கிரேடு ஓபிசிதான் போடணும்” என்று மேஸ்திரி சொல்வார். சீக்கிரம் இறுகும், பலகையைச் சீக்கிரம் பிரிக்கலாம் என்பது அவர் கவலை. அதில் நியாயம் உண்டு. பிபிசி மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஓபிசிக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டினால், பிபிசிக்குக் குறைந்தது பத்து நாள் கட்ட வேண்டும். ஆனால் உப்புக்காற்று அடிக்கும் கடலூர்க் கரையில் பிபிசிக்கு ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது: நன்றாக நீர் கட்டிய பிபிசி கான்கிரீட்டில் உப்பு எளிதில் ஊடுருவாது, உள்ளே கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும். பத்து வருஷத்தில் பால்கனி அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளை இந்தக் கரையில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்த எல்சி3 என்ற புதிய வகை சிமென்ட்டும் வந்துகொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தோடு சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. கார்பனை 40 சதவீதம் வரை குறைக்கும் என்று கணக்கிடப்படுகிறது. இதற்கான இந்தியத் தர விதி 2023-ல் வந்துவிட்டது. தெருமுனைக் கடையில் கிடைக்கத் தொடங்கும்போது கவனியுங்கள்; அதுவரை பிபிசியே போதும்.

சுவருக்கு எது? மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கடலூர் மாவட்டம் முழுக்க ஒரே மண் இல்லை. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் மேட்டு நிலச் செம்மண். முந்திரியும் பலாவும் விளைகிற காடு. சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கம் வந்தால் கொள்ளிடமும் வீராணமும் சேர்ந்து உருவாக்கிய வயல், களிமண்.

செம்மண் பகுதியில் அழுத்திய மண் கல் ஒரு நல்ல தேர்வு. மண்ணோடு ஐந்து சதவீதம் அளவுக்கு சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்தி, சூளையில் சுடாமல் நிழலில் பதப்படுத்தும் கல் அது. இதில் உலக அளவில் பேர் வாங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட், கடலூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே பயிற்சியும் தருகிறார்கள். மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், “மண்ணு வீடா?” என்ற தயக்கம் போய்விடும்.

ஆனால் சிதம்பரத்துக் களிமண்ணில் இந்தக் கல் சரியாக வராது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. அங்கே ஃப்ளை ஆஷ் கல் பொருத்தம். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பல் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வயலின் மேல்மண்ணை வெட்டி எடுக்க வேண்டாம்.

ஃப்ளை ஆஷ் கல்லில் தரம் முக்கியம். லோடு இறக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். மூன்றடி உயரத்திலிருந்து கட்டாந்தரையில் போடுங்கள், உடையக் கூடாது. பிறகு ஒரு கல்லைக் காயவைத்து எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சூளைச் செங்கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ‘எலிப்பொறிக் கட்டு’ இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் பிரபலமாக்கிய முறை. கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்கு நடுவே காற்று இடைவெளி விழும். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம், உள்ளே வெப்பம் வருவதும் குறையும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலில் காம்பவுண்ட் சுவரில் கட்டிப் பழகட்டும், பிறகு வீட்டுச் சுவருக்கு வரலாம்.

வீடு ஏன் சுடுகிறது? முதல் குற்றவாளி கூரை

ஒரு மாடி வீட்டில் மத்தியான வெயில் நேரே விழுவது மொட்டைமாடியில். மேலே எந்த அடுக்கும் இல்லாத கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்து, ராத்திரி பத்து மணிக்குக் கட்டில் மேல் இறக்கும். பிறகு ஏசி போடாமல் எப்படித் தூங்குவது?

வீடுகளின் வெப்பக் காப்புக்காக மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்க ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடுகிறது.

இதற்கான மருந்து நம்மிடமே இருந்தது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதிக்கும் பழக்கம். செலவும் நாளும் கூடுகிறது என்று இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவருவதே நல்ல முதலீடு. வெள்ளைத் தட்டோடு போட்டால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே கட்டின வீட்டுக்கு? பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிற வெள்ளையை மாடிக்கும் அடியுங்கள். அவ்வளவுதான். வெள்ளைக் கூரை, வெயிலைத் திருப்பி அனுப்பி, வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பத்தைக் குறைக்கும் என்பது அகமதாபாத் உள்ளிட்ட நகரங்களின் அனுபவம். தெலங்கானா 2023-ல் இதற்கென்றே ‘குளிர் கூரை’க் கொள்கை கொண்டுவந்தது. சுண்ணாம்பு என்றால் மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அதற்கான பெயின்ட் என்றால் சில வருஷம் தாங்கும்.

இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு, ராத்திரியில் ஆறாத வீடு உடம்பைக் கெடுக்கும்.

ஜன்னல்: பணம் கேட்காத ஏசி

கடலூர், சிதம்பரம் இரண்டும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதி. இங்கே உடம்பைக் குளிரவைப்பது காற்றோட்டம்தான். மேலே சொன்ன விதித்தொகுப்பு, இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு அளவு சொல்கிறது: தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது, திறந்தால் வெளிக்காற்று வரும் வாசலும் ஜன்னலுமாக இருக்க வேண்டும். 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி.

இங்கேதான் ஒரு சிக்கல். இப்போது எல்லோரும் போடும் இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னலில், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நாலுக்கு நாலு ஜன்னல் என்று நினைத்துக் காசு கொடுக்கிறீர்கள், காற்று வருவது நாலுக்கு இரண்டில். பழைய மாதிரிக் கீல் வைத்துத் திறக்கும் கதவு ஜன்னல் ஏறக்குறைய முழுசாகத் திறக்கும். கொசுவலைச் சட்டம் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் வைப்பது? கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் பெரிய ஜன்னல். காற்று வெளியேற எதிர்ச்சுவரில் ஒன்று. வந்த காற்றுக்குப் போக வழி இல்லையென்றால் அது வராது. மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்து, வெளியே வேம்போ புங்கமோ வையுங்கள். அகலமான சன்ஷேடு மழைச் சாரலையும் தடுக்கும். சிதம்பரத்துப் பழைய வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் எதற்கு இருந்தன என்று இப்போது புரியும்.

சோலார் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய். சந்தை விலை இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். பிணை இல்லாத வங்கிக் கடனும் உண்டு.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதனால் 150, 200 யூனிட்டே ஓடும் வீட்டில், வெறும் பணக் கணக்கில் சோலார் போட்ட காசு திரும்பப் பல வருஷம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு லாபம் கண்கூடாகத் தெரியும். ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் கீழ் ஸ்லாப்புகளின் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கூரை, ஃபேன், பில் எவ்வளவு வருகிறது என்று ஒரு கோடை பாருங்கள், அப்புறம் எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யுங்கள்.

கடலூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் இந்த மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ‘மாடியில்தான் சோலார் இருக்கே’ என்று நம்பி ஏமாறாதீர்கள். நாலு லைட், இரண்டு ஃபேன், ஃபோன் சார்ஜுக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் போதும்.

தட்டைத் தாங்கும் சட்டத்தையும் பாருங்கள். கடற்கரைக்குப் பக்கம் என்றால் அலுமினியம் அல்லது நன்றாகத் துத்தநாகம் முக்கிய இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட். தட்டு, உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். புயல் காற்றுக்கு ஐ.எஸ். 875 விதிப்படி கணக்குப் போட்டார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

புயலும் வெள்ளமும் வந்தால் என்ன ஆகும்?

2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். கடலூருக்கு இது புதிதல்ல. இடிந்து மறுபடி கட்டும் வீடு எந்தக் கணக்கிலும் பசுமை வீடு இல்லை. ஒரே குடும்பம் இருபது வருஷத்தில் இரண்டு முறை சிமென்ட் வாங்கினால், மேலே போட்ட மிச்சமெல்லாம் போயிற்று.

அதனால் மண் கல்லில் கட்டினாலும், கடைசியாக வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேல் வரை ஃப்ளை ஆஷ் கல்லோ நன்றாகச் சுட்ட செங்கல்லோ வையுங்கள். தெருவில் வெள்ளம் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சுவரில் கோடு காட்டுவார்கள். இன்வெர்ட்டர், பேட்டரி, மெயின் பாக்ஸ் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேல் இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். அதைக் கடமைக்கு ஒரு பைப் என்று விடாமல், நல்ல சம்ப் கட்டிச் சேர்த்தால் மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

அரசு கட்டும் வீடுகள் என்ன பாடம் சொல்கின்றன?

‘பசுமை வீடு’ என்ற சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு 2011-லேயே வந்துவிட்டது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்த, சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு. ஐந்து வருஷத்தில் 3 லட்சம் வீடுகள் இலக்கு. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா என ஐந்து இடத்திலும் ஒவ்வொரு சோலார் விளக்கு.

வீட்டோடு சேர்த்தே சோலார் தரலாம் என்று அன்றைக்கே யோசித்தது பெரிய விஷயம். ஆனால் ‘பசுமை’ விளக்கோடும் மழைநீர் சேகரிப்போடும் நின்றுவிட்டது. மேலே கான்கிரீட் தளம். கடலூருக்கும் கோவைக்கும் ஒரே மாதிரி வரைபடம். பேட்டரி விளக்கு என்றால் சில வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழும். வீட்டின் கூரையும் ஜன்னலும் சரியாக அமைந்தால் அதற்குப் பராமரிப்புச் செலவே கிடையாது.

இப்போது நடக்கும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030-க்குள் குடிசையில்லா கிராமங்கள் என்ற இலக்கோடு 8 லட்சம் வீடுகள் கட்டுவது. 2024-25-ல் மட்டும் ஒரு லட்சம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. 360 சதுர அடி, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகும் குடும்பத்துக்குத் தீ பயம் போகும், புயல் பயம் போகும். ஆனால் கீற்றுக் கூரை தந்த குளிர்ச்சியும் போகும். அந்தக் குடும்பம் முதலில் வாங்க நினைப்பது ஃபேன், பிறகு கூலர். ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் வெள்ளை அடிப்பதையும், ஆறில் ஒரு பங்கு திறப்பையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், 8 லட்சம் வீடுகளின் பல வருஷ மின்தேவை இப்போதே குறையும்.

சட்டமும் இங்கே துணைக்கு வரவில்லை. ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கானது, அதாவது சுமார் 12 சென்ட். அதையும் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். மூன்று சென்ட், ஐந்து சென்ட்டில் கட்டுபவர்கள் அதற்குள் வரவே மாட்டார்கள். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். அந்த ஆன்லைன் படிவத்திலேயே கூரைக்கும் ஜன்னலுக்கும் இரண்டு கேள்வி சேர்த்திருந்தால் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கடலூருக்கு இதில் தனி அக்கறை ஏன்?

நம் பில்லில் வரும் மின்சாரம் எங்கோ தூரத்தில் தயாராவதில்லை. ஒரு பகுதி இதே மாவட்டத்தில், நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை எரித்து வருகிறது. அது சாதாரண நிலக்கரியைவிட யூனிட்டுக்குக் கூடுதல் கார்பன் விடும் எரிபொருள். 1956-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முன்னுக்கு வந்தன. அதே சுரங்க விரிவாக்கத்துக்காக 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலில் பொக்லைன் இறங்கியதையும் இந்த மாவட்டம் பார்த்தது. ஒரு வீட்டில் மிச்சமாகும் யூனிட் எந்தச் சுரங்கத்தையும் நிறுத்தாது. ஆனால் இன்னும் எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கணக்கில் நம் தேவையும் ஒரு வரி.

‘கார்பன் நியூட்ரல்’ விளம்பரத்தை நம்பலாமா?

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ‘பசுமை’, ‘கார்பன் நியூட்ரல்’ என்று சொல்பவர்கள் அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். பில்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: கட்டுமானத்தின் கார்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா? எந்த சிமென்ட், கூரைக்கு மேல் என்ன போட்டீர்கள்? சான்றிதழ் யார் கொடுத்தது, வரைபடத்துக்கா, கட்டி முடித்த வீட்டுக்கா? பதில் நேராக வரவில்லையென்றால், கூடுதல் விலையை வேறு எதற்காகவோ கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பிஎல்டிசி ஃபேன் 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கடைசி மாடியில் இருக்கிறீர்கள் என்றால், ஹவுஸ் ஓனரிடம் பேசி மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லலாம், செலவில் பாதியை ஏற்றுக்கொண்டாலும் ஒரே கோடையில் அதன் பலன் தெரியும். ஏசி இருந்தால் 24, 26 டிகிரியில் வைத்து மேலே ஃபேனைச் சுற்றவிடுங்கள்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

காசு குறைவாக ஆகும் வரிசையில் சொன்னால் இப்படி:

* தேவைக்கு மேல் ஒரு அறைகூடக் கட்டாதீர்கள்.
* வரைபடம் போடும்போதே காற்று வரும் பக்கத்தில் ஜன்னல், மேற்கில் நிழல்.
* ஓபிசிக்குப் பதில் பிபிசி. பத்து நாள் தண்ணீர்.
* மண்ணுக்கு ஏற்ற கல்.
* கூரைக்கு ஜல்லி சுண்ணாம்புத் தளம், வெள்ளைத் தட்டோடு. முடியாவிட்டால் வெள்ளைப் பூச்சு.
* பிஎல்டிசி ஃபேன், எல்இடி விளக்கு.
* ஒரு கோடையின் பில்லைப் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த சோலார்.

இதையெல்லாம் செய்தாலும் வீடு கட்டிய கார்பன் கடன் முழுசாக அடைய முப்பது வருஷம்கூட ஆகலாம். ஆனால் அதே முப்பது வருஷத்தில் அப்பா, அம்மா அந்த வீட்டில் ஏசி இல்லாமலும் மத்தியானத்தில் கண்ணயர முடியும். பில்லும் கையைக் கடிக்காது.

ஆக, அடுத்த முறை “ஏசிக்குப் பாயின்ட் எங்க வைக்கிறது?” என்று ஊரிலிருந்து ஃபோன் வந்தால், பதில் சொல்லும் முன் ஒன்று கேளுங்கள்: “மாடிக்கு மேல என்னப்பா போடப் போறாங்க?”